கபடிக்கு எத்தனை மார்க்கு?

சென்ற மாதம் ஒரு நாள் இரவு என் அக்காள் ஊரிலிருந்து டெலிபோனில் கூப்பிட்டாள். அக்காள் பேசினால் முதலில் மழை, பிறகு மாடு, அப்புறம் யார் வீட்டில் கல்யாணம் என்று வரிசைக் கிரமமாகத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்றைக்கு அந்த வரிசையெல்லாம் இல்லை.

"டேய், நீ பத்திரிகையிலே இருக்கிறே. காலேஜு, அட்மிஷன் என்று பக்கம் பக்கமா எழுதறே. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. கபடிக்கு எத்தனை மார்க்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தப் பரீட்சையிலே அக்கா?" என்றேன்.

"அதைத்தாண்டா நான் உன்னைக் கேட்கிறேன்!" என்றாள்.

விஷயம் இதுதான். அக்காள் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 500-க்கு 431 வாங்கினவள். அதோடு கபடியிலும் சூரப்புலி. பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் அவளை மாவட்ட அணித் தேர்வுக்கு அனுப்பியே தீருவேன் என்கிறார். தேர்வு வருகிற சனிக்கிழமை. அதே சனிக்கிழமை காலையில்தான் வேலூரில் ஒரு 'நீட்' பயிற்சி வகுப்பில் சேருவதற்கான பரீட்சை. அதில் நல்ல மார்க்கு வாங்கினால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. பாதிக் கட்டணம் என்பது அக்காள் வீட்டில் லேசான விஷயம் அல்ல. அவள் பன்னிரண்டு வருஷமாக ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் தைக்கிறாள். மாமாவுக்கு வாணியம்பாடியில் தோல் ஷாப்பில் வேலை. வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று அவர் சொல்லிவிட்டாராம். வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. மத்தியஸ்தம் செய்ய நான் வர வேண்டுமாம்.

மறுநாளே புறப்பட்டேன்.

எங்கள் அணைக்கட்டைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூரிலிருந்து ஒடுகத்தூர் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். தெற்கே ஜவ்வாது மலை. சுற்றிலும் நிலம், தோப்பு. விடிந்தும் விடியாமலும் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து டிபன் பாக்ஸும் கையுமாக நிற்கும் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்து திரும்பக் கொண்டு வந்து இறக்கிவிடும். இந்த இரண்டு பஸ்களுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில்தான் எங்கள் ஊர்த் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நான் போனபோது கயிற்றுக் கட்டிலின்மேல் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் விரித்து வைத்திருந்தது. உள்ளே பதினாலு ஸர்டிபிகேட்டுகள். ஒவ்வொன்றும் பளபளவென்று லாமினேஷன் செய்திருந்தது. அதைப் பார்த்ததும் என் வயிற்றில் ஏதோ பிசைந்தது. காரணம் உண்டு.

2008-ல் நான் பிளஸ் டூ முடித்தபோது என்னிடமும் இப்படி ஒரு ஃபைல் இருந்தது. மொத்தம் இருபத்து மூன்று. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, திருக்குறள் ஒப்பித்தல், ஒரு தடவை, எப்படி என்று எனக்கே தெரியாமல், கோலப் போட்டியில் ஆறுதல் பரிசு. பரிசுகள் எல்லாம் எவர்சில்வர் டம்ளர், கிண்ணம், சோப்பு டப்பா. எங்கள் வீட்டுச் சமையலறையில் பாதிப் பாத்திரம் என் வாயால் சம்பாதித்தது என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கல்லூரி ஆபீஸ் ஜன்னல் முன்னால் போய் நின்றேன். (எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், மூன்று வருஷம் அங்கே சோறு தின்றிருக்கிறேன்.) ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் ஃபைலைத் திறந்தார். முதல் ஸர்டிபிகேட்டைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்க்கவில்லை. "தம்பி, இதெல்லாம் வீட்டிலே பீரோவிலே பத்திரமா வை. மார்க் ஷீட்டு எங்கே?" என்றார். இருபத்து மூன்றும் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தன. மார்க் ஷீட்டின் புண்ணியத்தில் இடம் கிடைத்தது. ஆனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் மேடை மேடையாக ஏறி இறங்கியதற்கு அந்த ஜன்னலில் என்ன விலை என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த அனுபவத்தினால், அக்காள் கேட்ட கேள்வியை நான் சிரித்துத் தள்ளவில்லை. அணைக்கட்டுக்குப் போகிற வழியெல்லாம் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே போனேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. கபடிக்கு எத்தனை மார்க்கு என்பது நம் தமிழ்நாட்டில் ஸுப்ரீம் கோர்ட்டு வரையில் போய்வந்த கேள்வி!

1970-ஆம் வருஷம். அப்போது சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் சேருவதற்குப் பாடங்களுக்கு 200 மார்க்கு. நேர்முகப் பேட்டிக்கு 75 மார்க்கு. ஆக மொத்தம் 275. அந்த 75 மார்க்கை எதை எதைப் பார்த்துக் கொடுப்பது என்று ஐந்து தலைப்புகள் வகுத்திருந்தார்கள். முதல் தலைப்பே விளையாட்டு அல்லது என்.சி.சி. இரண்டாவது, பாடத்துக்கு வெளியே செய்த விசேஷ சேவைகள். மூன்றாவது உடற்கட்டும் தாக்குப் பிடிக்கும் சக்தியும். பிறகு பொதுத் திறமை, இந்தத் தொழிலுக்கு ஏற்ற மனப்போக்கு. காகிதத்தில் படித்தால் எவ்வளவு அழகாக இருக்கிறது! புத்தகப் புழுவை மட்டும் டாக்டராக்காமல், ஓடி ஆடிய பிள்ளையையும், நாலு பேருக்கு ஒத்தாசை செய்த பிள்ளையையும் டாக்டராக்க வேண்டும் என்று யாரோ நல்ல மனசோடு யோசித்திருக்கிறார்கள்.

நடந்தது என்ன? இடம் கிடைக்காத மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பெரியகருப்பன் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் அதற்குப் பெயர். கோர்ட்டு ரிகார்டுகளை வரவழைத்துப் பார்த்தது. விளையாட்டுக்கு இத்தனை, சேவைக்கு இத்தனை என்று தனித்தனியே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மொத்தமாக மார்க்குப் போட்டிருந்தார்கள்! மளிகைக் கடைக்காரர்கூட உப்புக்கு இவ்வளவு, புளிக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதித்தான் பில் போடுகிறார். பிரித்துப் போடாத மார்க்கு சரியல்ல என்றும், 275-க்கு 75 என்பதே மேலோட்டமாகப் பார்த்தாலும் அதிகமாகத் தோன்றுகிறது என்றும் ஸுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

இதே கதை 1981-ல் ஸ்ரீநகர் என்ஜினீயரிங் கல்லூரி வழக்கில் மறுபடியும் வந்தது. அங்கே எழுத்துப் பரீட்சைக்கு 100, பேட்டிக்கு 50. அந்த ஐம்பதில் பத்து மார்க்கு பாடத்துக்கு வெளியிலான காரியங்களுக்கு. பேட்டியோ இரண்டு மூன்று நிமிஷம்தான் நடந்ததாம். அதற்குள் அப்பா யார், ஊர் எது என்று விசாரித்து முடித்துவிட்டார்கள் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். பேட்டிக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கொடுக்கலாகாது என்று அந்தத் தீர்ப்பு வரம்பு கட்டியது.

இரண்டு நிமிஷத்தில் ஒரு பையனின் பத்து வருஷ விளையாட்டை எடை போடுவது எப்படி? 'அப்பா யார்' என்ற கேள்வியில் எடை போட்டுவிடலாம். அதனால்தான் நம் ஜனங்கள் பேட்டியைக் கண்டு பயந்தார்கள். 'மார்க்கு ஒன்றே போதும் சாமி' என்று கும்பிட்டார்கள். பிற்பாடு நுழைவுத் தேர்வு வந்து, அதுவும் 2007-ல் தொழிற் கல்லூரிகளுக்கு எடுபட்டுப் போய், பிளஸ் டூ மார்க்கே கதி என்றாயிற்று. இப்போது டாக்டருக்கு 'நீட்', 720 மார்க்கு. என்ஜினீயருக்குக் கணக்கில் 100, பௌதிகம் 50, ரசாயனம் 50 என்று 200-க்கு 'கட்-ஆஃப்'. இரண்டிலும் கபடி இல்லை. பேச்சுப் போட்டியும் இல்லை. இந்த ஏற்பாட்டினால் தோல் ஷாப்புத் தொழிலாளியின் மகனும் டாக்டரின் மகனும் ஒரே தராசில் ஏறினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. என் ஃபைலைத் திருப்பிக் கொடுத்தவர் என் அப்பா யார் என்று கேட்கவும் இல்லையே!

"அப்படியானால் கபடிக்கு ஒன்றும் கிடையாதா?" என்று அக்காள் கேட்டாள். அன்றைக்கு அவள் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. ஆகையால் நானும் வழவழ கொழகொழ என்று பேசாமல் உள்ளதைச் சொன்னேன்.

உண்டு. ஆனால் அதற்கு வாசல் வேறே. தமிழ்நாடு என்ஜினீயரிங் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் தனியாக இருக்கிறது. ஸர்டிபிகேட்டுக்குத் தனியே மார்க்குப் போட்டுத் தனிப் பட்டியல் தயாரிக்கிறார்கள். எம்.பி.பி.எஸ்.ஸிலும் உண்டு, ஆனால் ராஜ்யம் முழுவதற்குமாகச் சேர்த்து விரல் விட்டு எண்ணிவிடலாம். சென்னை ஐ.ஐ.டி. 2024-ல் ஒரு புது வழி திறந்தது. ஒவ்வொரு பாடப் பிரிவிலும் விளையாட்டுக்காரர்களுக்கு இரண்டு இடம், அதில் ஒன்று பெண்களுக்கு. மறு வருஷம் சங்கீதம், நாட்டியம் போன்ற கலைகளுக்கும் அதே மாதிரி. ஆனால் அங்கேயும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பட்டியலில் முதலில் பெயர் வந்தாக வேண்டும். விளையாட்டு என்றால் தேசியப் போட்டியிலாவது மெடல் வாங்கியிருக்க வேண்டும்.

"500 இடமா!" என்றாள் அக்காள். முகம் மலர்ந்துவிட்டது. "இதை ஏண்டா இந்த ஊரிலே ஒருத்தரும் சொல்லலே?"

அதுதான் எனக்கும் ஆச்சரியம். பெரிய பட்டணத்துப் பள்ளிக்கூடங்களில் ஏழாம் வகுப்பிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு, எந்தப் போட்டிக்குப் போனால் எந்த ஸர்டிபிகேட், அது எந்தக் கல்லூரியில் செல்லும் என்று பாடம் நடத்துகிறார்கள். எங்கள் ஊரில், பிள்ளை ஆடுவதைப் பார்த்துக் கை தட்டுகிறோம். பிறகு லாமினேஷன் செய்கிறோம்.

நான் கட்டிலில் உட்கார்ந்து பதினாலையும் பிரித்து அடுக்கினேன். அக்காள் மகள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். பொங்கல் சமயத்தில் ஊர் இளைஞர்கள் நடத்திய போட்டிகளில் வாங்கியவை எட்டு. அவற்றில் பரிசுத் தொகைகூட உண்டு. கல்லூரி வாசலில் செல்லாது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மூன்று. அவையும் செல்லா. குறுவட்டப் போட்டியில் இரண்டு. மேலே ஏறுவதற்குப் படி, அவ்வளவுதான். மிச்சம் ஒன்றே ஒன்று: போன வருஷம் மாவட்டத்துக்காக மாநிலப் போட்டியில் ஆடியதற்கு. பதினாலில் அது ஒன்றுதான் நிறுவைக்கு வரக்கூடியது.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். நான் சொல்வதற்கு முன்பே அவள், "தெரியும் மாமா. பி.டி. டீச்சர் சொல்லிட்டாங்க. இந்த ஒண்ணுதான். ஆனா இதிலே பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினாள். அவளுடைய இனிஷியல் தப்பாக அச்சாகியிருந்தது. ஓர் எழுத்து! யாரோ அவசரத்தில் டைப் அடித்திருக்கிறார்கள். சான்றிதழ் சரிபார்க்கிற மேஜையில் அந்த ஓர் எழுத்துக்காக, "இது உன்னுடையது என்பதற்கு என்ன ரூஜு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆறு மாதமாக இது அவள் மனசை அரித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனிக்கு லீவு போட வேண்டும் என்பதால்!

இந்த இடத்தில் நான் கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போய் வரவேண்டியிருக்கிறது. காரணம், என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், எதற்கெடுத்தாலும் "அமெரிக்காவைப் பார்!" என்பார். அங்கே ஹார்வர்டு மாதிரிப் பெரிய கல்லூரிகளில் மார்க்கு மட்டும் பார்ப்பதில்லை; விளையாட்டு, சங்கீதம், சேவை, பரிசு எல்லாம் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள்; நாமும் அப்படிச் செய்தால் என்ன என்பது அவர் வாதம். வாஸ்தவம்தான், பார்க்கிறார்கள். ஆனால் அந்த வழக்கம் எப்படிப் பிறந்தது என்பதை அவர் சொல்லமாட்டார். 1920-களில் ஹார்வர்டில் பரீட்சை எழுதி உள்ளே வருகிறவர்களில் யூதப் பிள்ளைகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலாகிவிட்டார்கள். அப்போதிருந்த தலைவர் லோவலுக்கு அது பிடிக்கவில்லை. மார்க்கில் அவர்களைத் தடுக்க முடியாது. ஆகையால் குணம், ஆளுமை, தலைமைப் பண்பு என்று அளவுகோலை மாற்றினார்கள். அந்த அளவுகோலை அளப்பவர் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். நூறு வருஷம் ஆன பிறகு, 2019-ல் இன்னொரு கூத்து. பணக்காரர்கள் சிலர் ஒரு தரகருக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுத்து, படகுத் துடுப்பைத் தொட்டே இராத தங்கள் பிள்ளைகளைப் படகுப் போட்டி வீரர்கள் என்று காட்டிக் கல்லூரியில் சேர்த்தார்கள். ஐம்பது பேர் வரையில் வழக்கில் மாட்டிக்கொண்டார்கள். சினிமா நடிகைகள்கூட ஜெயிலுக்குப் போனார்கள். பொங்கல் போட்டியில் முழங்கால் தேய ஆடுகிற எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அங்கே யார் தரகு பேசுவார்கள்?

கோப்பையையும் மார்க்கையும் தவிர மூன்றாவது வழி ஒன்று, அமெரிக்கா போகாமல், எங்களுக்குப் பக்கத்தில் வேலூரிலேயே இருந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. அங்கே எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களை வேலூருக்கு வரவழைத்துச் சில நாள் தங்க வைப்பார்கள். கூட்டாகச் சில வேலைகளைக் கொடுத்து, யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பார்கள். படித்து முடித்ததும் கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. ஸர்டிபிகேட்டைவிட ஆளைப் பார்க்கிற முறை அது. 'நீட்' எல்லோருக்கும் பொது என்றானபோது அதை எதிர்த்து வழக்காடினார்கள். 2017-ல் நூறு எம்.பி.பி.எஸ். இடத்தில் ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு மற்றதைக் காலியாகவே விட்டார்கள். 2020 ஏப்ரலில் ஸுப்ரீம் கோர்ட்டு, 'நீட்' அவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்த்துவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. நாள் கணக்கில் உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்கள் எங்கேயும் அதிகம் இல்லை.

கட்டிலுக்குத் திரும்புகிறேன். அக்காளுக்கு நான் சொன்ன தீர்ப்பு இது: கபடிக்கு மார்க்கு உண்டு; ஆனால் அதை நம்பிப் படிப்பை விடக்கூடாது; படிப்பை நம்பிக் கபடியையும் விடவேண்டாம். இப்படிச் சொன்னதும் அக்காள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இதைச் சொல்றதுக்கா உனக்குப் பஸ் சார்ஜ்? சனிக்கிழமை எங்கே அனுப்பறது? அதைச் சொல்லு!"

நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் விழித்தேன். கடைசியில், என்னதான் ஆகட்டும் என்று அந்தப் பயிற்சி வகுப்புக்கு டெலிபோன் போட்டேன். எடுத்த பெண்மணி மிகவும் மரியாதையாகப் பேசினார். சனிக்கிழமை வர முடியாதவர்களுக்கு அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை பரீட்சை வைக்கிறார்களாம். தள்ளுபடியும் அதே மாதிரிதானாம். ஒரு வார காலமாக ஒரு வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்ததற்கு இரண்டு நிமிஷ டெலிபோன்! யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ, கேட்கலாமோ கூடாதோ என்று அக்காளுக்குச் சந்தேகம். ஆபீஸ் ஜன்னல்களின் முன்னால் நின்று நின்று வந்த சந்தேகம் அது.

இனிஷியல் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. நானும் அவளும் மறுநாள் வேலூருக்குப் போய் அலைந்தோம். பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளிக்கூடத்துக் கடிதம், தலைமையாசிரியர் கையெழுத்து, இன்னும் ஒரு மனு. லாமினேஷன் செய்துவிட்டதால் அதிலேயே திருத்த முடியாதாம். புதிதாகத்தான் கொடுக்க வேண்டுமாம். பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். வாசகர்களில் யாராவது பிள்ளைகளின் ஸர்டிபிகேட்டுக்கு லாமினேஷன் செய்யப் போகிறீர்களானால் ஒரு தடவை இனிஷியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், "நீ என்னதான் ஆகப்போகிறாய்? டாக்டரா, என்ஜினீயரா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு டாக்டர். டீச்சருக்கு ஸ்டேட் டீம்" என்றாள்.

"உனக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு முதல்லே சனிக்கிழமை மாமா" என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலை நான் ஊரிலேயேதான் இருந்தேன். கம்பெனி பஸ்ஸுக்குப் புறப்படுகிற அவசரத்தில் அக்காள் இரண்டு டிபன் பாக்ஸில் சோறு கட்டினாள். தன்னுடையதில் தயிர் சாதம். மகளுடையதில் புளி சாதமும் இரண்டு அவித்த முட்டையும். "ஆடறவளுக்கு முட்டை வேணும்னு டீச்சர் சொன்னாங்களாம்" என்று, நான் கேட்காமலே, என் முகத்தைப் பாராமலே சொன்னாள். மகளுக்குக் கட்டிய டிபன் பாக்ஸை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் நான் வாங்கியது. 'பேச்சுப் போட்டி, முதல் பரிசு' என்று வெட்டியிருந்ததில் பாதி தேய்ந்துபோய், 'பேச்சு' மட்டும் மிச்சம் இருந்தது.

"அதைக் கொடுடா, நேரமாச்சு" என்று அக்காள் பிடுங்கிக்கொண்டாள்.